காலர்ட் கீரை: இலைக்குப் பஞ்சமில்லை, விதைதான் கிடையாது

எதிர்வீட்டு மைனி காலர்ட் கீரைக்கு விதை கேட்டார். தொட்டியில் செடி தளதளவென்று நிற்கிறது, கொடுக்க ஒரு விதைகூட இல்லை. "இம்புட்டு பெரிய செடியில விதை இல்லையாக்கும்?" என்று முகம் சுருங்கிப் போனார். இந்தக் கீரை மேல் எனக்கு இருக்கும் கோபமே இதுதான்.

முட்டைக்கோஸ் இனம், ஆனால் உருண்டை பிடிக்காது, இலையாகவே ஏறும். பூத்து விதை கட்ட வேண்டுமென்றால் சில வாரங்களாவது கடுங்குளிர் படவேண்டும். காஷ்மீரில் இதன் நெருங்கிய சொந்தமான ஹாக் கீரை அன்றாடச் சாப்பாடு. அங்கே அந்தக் குளிர் உண்டு. தாமிரபரணிக் கரையில் மார்கழி விடியலில்கூட அது கிடையாது. தண்டுக்கீரையில் ஒரு செடியை முற்ற விட்டால் தெருவுக்கே விதை ஆச்சு. இதற்கோ ஒவ்வொரு வருஷமும் பாக்கெட்டுக்குக் கையேந்த வேண்டும். போன தடவை வந்த பாக்கெட்டில் பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. நல்ல விதையாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் தலைகாட்டிவிடும். விற்றவரிடம் கேட்டால், தண்ணீர் அதிகமாம். அதே தொட்டி, அதே மண், அதே தண்ணீரில் பக்கத்திலேயே கடுகு முளைத்து நின்றதே!

சரி, செடியைக் குறை சொல்லக்கூடாது. புரட்டாசிக் கடைசியில் நிழல் வலைக்கு அடியில் விதைத்து, நாலைந்து இலை வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றினால், ஐப்பசி மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். குருத்தைத் தொடாமல் அடியிலையாக ஒடித்து வந்தால் மாசி வரைக்கும் கீரைக்குக் கடைக்குப் போக வேண்டாம். வைரமுதுகுப் பூச்சியின் பச்சைப்புழு இலையைச் சல்லடையாக்கும். கடுகை அதற்காகத்தான் பக்கத்தில் போட்டேன், பூச்சியில் நிறைய அங்கே போய்விடுகிறது. மீதிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து இலையின் அடிப்பக்கம் அடிக்கிறேன். பங்குனி வெயில் வந்துவிட்டால் இலை தடித்துக் கசக்கும், அதோடு பிடுங்கிவிட வேண்டியதுதான்.

ருசியைச் சொல்லியே ஆகவேண்டும். நடுநரம்பை உருவிவிட்டுப் பொடியாக நறுக்கி, சிறுபருப்பும் தேங்காயும் போட்டுப் பொரியல் செய்தால் அவ்வளவு நன்றாக இருக்கிறது. வேக மட்டும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். ஒருநாள் கூட்டாஞ்சோற்றில் முருங்கைக்கீரைக்குப் பதிலாகப் போட்டேன். சோற்றோடு கரைந்து போகாமல் இலை இலையாகக் கடிபட்டது. வீட்டில் எல்லோரும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஆனாலும், விதைக்கலாமா என்று இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். விதை கைக்கு வராத கீரைக்கு மொட்டைமாடியில் இடம் கொடுக்க மனசு வரவில்லை. முளைக்காமல் போன தொட்டிகளில் தண்டுக்கீரை தூவியாகிவிட்டது.