அங்கோரா, கோ கெரா, பான்தே ச்மாரா?

கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலில் கூட்டம் நெரிகிறது என்று அந்தப் பக்கமே போகாமலிருப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். 2019இல் வெளிநாட்டவர் சுமார் 22 லட்சம் பேர் டிக்கெட் வாங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் அத்தனை பேரும் ஒரே இடத்துக்குத்தான் முண்டியடிக்கிறார்கள். விடியற்காலையில் வடபுறக் குளக்கரையில் கால் வைக்க இடமிருக்காது. வெயில் ஏறியதும் பெரும்பாலோர் காலை உணவுக்குக் கிளம்பிவிடுவார்கள். கீழைச் சுற்றுமண்டபத்துக்குள் நுழைய அதுதான் நேரம். பாற்கடல் கடையும் காட்சி அங்கே 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது: ஒருபுறம் 92 அசுரர், மறுபுறம் 88 தேவர், நடுவே திருமால். வாசுகியோடு நின்றுவிடாமல் குனிந்து கடலையும் பாருங்கள். மத்தை நெருங்க நெருங்க மீன்களும் முதலைகளும் துண்டுதுண்டாகச் சிதறுகின்றன. கடைந்த வேகத்தை இதைவிட எப்படிக் கல்லில் காட்டுவது!

கோ கெர் 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பத்தாம் நூற்றாண்டில் கெமர் மன்னன் நான்காம் ஜெயவர்மனின் தலைநகர். அங்கோரை ஒட்டிய சியம் ரீப் நகரிலிருந்து சுமார் 120 கி.மீ. 36 மீட்டர் உயர ஏழடுக்குப் பிரமிடின் உச்சியிலிருந்து பார்த்தால் நாற்புறமும் காடு. அந்தக் காட்சிக்காகப் போகலாம். சிற்பங்களுக்காகப் போகிறவர் ஏமாறுவார், சிறந்தவை களவுபோய்விட்டன. பிரசாத் சென் கோயிலில் மோதத் தயாராக நின்ற பீமனையும் துரியோதனனையும் கணுக்காலோடு அறுத்தெடுத்துப் போனார்கள். பீடத்தில் பாதங்கள்தான் மிஞ்சின. நியூயார்க் ஏலம் வரை போன துரியோதனன் 2014இல்தான் நாடு திரும்பினான்.

பான்தே ச்மார் இன்னும் தொலைவு, தாய்லாந்து எல்லைப் பக்கம். ஏழாம் ஜெயவர்மன் கட்டிய கோயில். இங்கும் 1990களின் இறுதியில் சுவரையே பெயர்த்து லாரியில் கடத்தினார்கள். மிஞ்சிய சுவரில் பல கைகளுடைய லோகேசுவரர், பௌத்தர்களின் கருணை வடிவான போதிசத்துவர், நிற்கிறார். அவர் முன்னால் எத்தனை நேரம் நின்றாலும் நகரச் சொல்ல ஆளிருக்காது. கிராமத்தார் தங்கள் வீடுகளிலேயே தங்க இடம் தருகிறார்கள். செலவழிக்கும் பணம் ஊருக்குள்ளேயே நிற்கிறது என்பதால் எனக்கு இது ஒருபடி மேல்.

ஒரே நாள்தான் என்றால் அங்கோர், யோசிக்கவே வேண்டாம். நான்கைந்து நாள் இருந்தால் அங்கோருக்கு 62 டாலர் மூன்று நாள் டிக்கெட் எடுங்கள். பத்து நாளுக்குள் விட்டுவிட்டும் பயன்படுத்தலாம் என்பதால் இடையில் ஓர் இரவு பான்தே ச்மாரில் தங்கிவிட்டு வரலாம். படியேற முழங்கால் ஒத்துழைப்பவர்கள் கோ கெரையும் சேர்த்துக்கொள்ளட்டும். அங்கே வழித்தடத்தை விட்டுக் காட்டுக்குள் இறங்கவேண்டாம். ஒரு காலத்தில் கண்ணிவெடி புதைத்த மண் அது.