கல்யாண நாள் கேக்கில் தெர்மோகோல்: முன்பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

கல்யாண நாள், பிறந்த நாள் என்றால் மேஜை, மெழுகுவர்த்தி, சாப்பாடு, இரண்டு அடுக்கு கேக் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பேக்கேஜாகத் தருகிறோம் என்று சொல்லும் உணவகங்கள் நிறைய. அப்படி ஒன்றுக்கு முன்பணம் கட்டப்போகிறீர்கள் என்றால் ஐந்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் நான் நன்றாக ஏமாந்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அந்த ஒரு கடையைத் தவிர்த்தால் தப்பித்துவிடலாம் என்கிற விஷயம் இல்லை இது.

எங்களுக்குப் பத்தாவது கல்யாண நாள். நானும் மனைவியும் மட்டும் வெளியே போய்ச் சாப்பிடுவது வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தால் பெரிது. அவளுக்குக் கேக் என்றால் உயிர். மேலே இருக்கும் பூச்சை முதலில் சுரண்டித் தின்றுவிட்டு, அப்புறம்தான் உள்ளே கை வைப்பாள். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

போனில் ஒரு படம் அனுப்பினார்கள். வெள்ளை வெளேர் என்று இரண்டு அடுக்கு, விளிம்பெல்லாம் தங்கத் தூள், உச்சியில் நிஜ ரோஜா. "மூணு கிலோ சார். படத்துல இருக்கிறதேதான் வரும்" என்றார் பேசியவர். இரண்டு பேருக்கு மூன்று கிலோ எதற்கு என்று கேட்கலாம். மிச்சத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. அவளுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்ததால் எல்லாமே போன் பேச்சுதான். எழுத்தில் ஒரு வரி கூட வாங்கவில்லை. அவசரமாக முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன்.

முதலில் சாப்பாடு. ஏழு கோர்ஸ் என்று சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்ததும் ஒரு குட்டி கிளாஸில் ஜூஸ் வந்தது. அது ஒன்று. ரொட்டியும் வெண்ணெயும் இரண்டு. இரண்டு வாய் சூப், மூன்று. இப்படி எண்ணிக்கொண்டே போனால் ஆறுடன் நின்றுவிட்டது. ஏழாவது எங்கே என்று கேட்டேன். "கேக்தான் சார் டெசர்ட்." நான் தனியாகப் பணம் கட்டிய கேக்கே அவர்கள் கணக்கில் ஏழாவது கோர்ஸ்! இதில் மேஜை எங்களுக்கு 90 நிமிஷம்தான் என்பதும் அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. தட்டில் பாதி இருக்கும்போதே "எடுத்துக்கலாமா சார்?" என்று வந்து நின்றால் யாருக்குத்தான் சாப்பிடத் தோன்றும்? சமையல் மோசமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் விளக்கை மங்கலாக்கி, பாட்டுப் போட்டு, கேக்கைக் கொண்டுவந்தார்கள். சத்தியமாகப் படத்தில் இருந்தபடியே இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் கட்டின பணம் வீணாகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மேல் அடுக்கில் ஆளுக்கு ஒரு துண்டு வெட்டினோம். அவள் வழக்கம்போலத் தங்கம் பூசிய விளிம்பைத்தான் முதலில் வாயில் போட்டாள். கீழ் அடுக்கில் என்ன சுவை என்று பார்க்கலாமே என்று அவளே கத்தியை வைத்தாள். வெள்ளைப் பூச்சில் வழுக்கிக்கொண்டு இறங்கிய கத்தி சட்டென்று நின்றது. கொஞ்சம் அழுத்தினாள். "கீச்" என்று ஒரு சத்தம். புது டிவியைப் பெட்டியிலிருந்து உருவும்போது வருமே, அதே சத்தம். கத்தியை வெளியே எடுத்தால் நுனியில் சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள். தெர்மோகோல்.

பரிமாறிய தம்பி குனிந்து, "மேடம், அது டம்மி. மேல மட்டும்தான் கேக்" என்றான். அவனுக்கே கூச்சமாக இருந்திருக்கும், பாவம்.

மேலாளர் வந்தார். "அடுக்கு கேக்னாலே எல்லாரும் இப்படித்தான் சார் செய்வாங்க" என்றார். இதில் பாதி உண்மை. அதனால்தான் கேட்பவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். கடைக் கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் மாதிரிக் கேக்குகள் பெரும்பாலும் தெர்மோகோல்தான். பெரிய கல்யாணங்களில் ஐந்து, ஆறு அடுக்கு வேண்டும், ஆனால் அவ்வளவு கேக் தேவையில்லை என்றால் வாடிக்கையாளரே கேட்டு நடுவில் டம்மி அடுக்கு வைக்கச் சொல்வதுண்டு. மேலே ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவை மெல்லிசாகத் தேய்த்துப் போர்த்திவிட்டால் உள்ளே கேக்கா, தெர்மோகோலா, கவிழ்த்த டப்பாவா என்று யாருக்கும் தெரியாது. அது தொழில்முறை, தப்பில்லை. அதைச் சொல்லாமல் மூன்று கிலோ என்று பில் போடுவதுதான் தப்பு. வீட்டுக்கு வந்து தராசில் வைத்துப் பார்த்தேன். வெட்டின துண்டுகள் போக மேல் அடுக்கில் மிச்சம் 1 கிலோ 100 கிராம். நாங்கள் சாப்பிட்டது கால் கிலோ கூட இருக்காது. அதிலும் ஃபாண்டன்ட் நல்ல கனம். உரித்துப் பார்த்தால் உள்ளே கேக் இன்னும் குறைவு.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நிமிஷம் நான் சிரித்துக்கொண்டே "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜையில் ஆட்கள், எதிரே மனைவி, கல்யாண நாள் வேறு. அன்றைக்குப் போய்ச் சண்டை போடுவானேன் என்று தோன்றியது. இந்தத் தொழிலே அந்த நினைப்பின் மேல்தான் நிற்கிறது என்று இப்போது படுகிறது. சாதாரண நாளில் சூப் ஆறிப்போயிருந்தால் திருப்பி அனுப்பும் மனுஷன், விசேஷ நாளில் தெர்மோகோலை வெட்டிவிட்டும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அவள் சிரிக்கவில்லை. விரல் நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காகித நாப்கினால் இரண்டு தடவை துடைத்தும், தண்ணீரில் நனைத்துத் தேய்த்தும், ரேகைக்குள் புகுந்த தங்க நிறம் போகவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "தம்பி, இந்தத் தங்கப் பொடி டப்பாவைக் கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா?" என்றாள். கேக் அவர்கள் சமையலறையிலேயே செய்ததுதான், அதனால் டப்பாவும் அங்கேயே இருந்தது. கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு டப்பா. நச்சற்றது என்று முன்பக்கம் பெரிய எழுத்தில். பின்பக்கம் பொடி எழுத்தில், "அலங்காரத்துக்கு மட்டும்". என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலே கிடையாது.

"நச்சில்லைன்னு போட்டிருக்கே மேடம்" என்றார் மேலாளர்.

"குழந்தைங்க கிரேயான் டப்பாவிலும்தான் போட்டிருக்கு. அதைச் சாப்பிடுவீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத் தூங்கினாள். நான்தான் போனை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். படித்ததில் உங்களுக்கும் தெரிய வேண்டியது இதுதான். கேக்கில் தூவும் மினுமினுப்புப் பொடிகளில் இரண்டு ஜாதி உண்டு. தின்பதற்காகவே செய்தது ஒன்று. அதன் லேபிளில் உண்ணத்தக்கது என்று தெளிவாக இருக்கும், பொருள்பட்டியலும் இருக்கும். சர்க்கரை, அக்கேசியா பிசின், மால்டோடெக்ஸ்ட்ரின், சோள மாவு, உணவுக்கென்று அனுமதித்த நிறமிகள் என்று வரும். இன்னொன்று வெறும் அலங்காரத்துக்கு. அதில் செப்புத் தூளோ பித்தளைத் தூளோ கூட இருக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2018ல் ஒரு பிறந்த நாள் கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. கேக்கின் மேல் தடிமனாகப் பூசியிருந்த பொடியில் செம்பு இருந்தது. மிசௌரியில் 2019ல் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததைத் தேடிக்கொண்டு போனால், அதுவும் பிறந்த நாள் கேக்கின் மஞ்சள் பொடியில் வந்து நின்றது. இரண்டையும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021ல் வெளியிட்டிருக்கிறது. நச்சற்றது என்று எழுதியிருப்பதாலேயே ஒரு பொடி சாப்பிடுவதற்கானது ஆகிவிடாது என்பதும் அதில் இருக்கிறது. எங்கள் கேக்கில் இருந்தது என்ன என்று சோதித்துப் பார்க்க எனக்கு வழியில்லை. ஆனால் மேல்பூச்சை முதலில் தின்னும் ஒருத்திக்கு அதைத் தேடிப்போய் வாங்கிக் கொடுத்தவன் நான் என்பது உறுத்துகிறது.

உச்சியில் இருந்த ரோஜா இன்னொரு கூத்து. காம்பை அப்படியே கேக்குக்குள் குத்தியிருந்தார்கள். பூக்கடைப் பூ சாப்பிடுவதற்காக வளர்த்தது இல்லையே, அதில் அடிக்கும் மருந்துக்கு யார் கணக்கு வைப்பது? ரோஜாவாவது பரவாயில்லை. அழகுக்காக அரளி மாதிரி விஷப் பூவையே யாராவது செருகிவைத்தால் என்ன ஆகும்?

உள்ளே இருந்ததை ஃப்ரெஷ் கிரீம் என்றுதான் சொல்லி விற்றார்கள். வீட்டில் ஒரு துண்டை வேண்டுமென்றே மேஜை மேல் விட்டுவைத்தேன். காலையில் பார்த்தால் வரி வரியாக அப்படியே நிற்கிறது. பால் கிரீம் அப்படி நிற்காது. தளர்ந்துபோய் நீர் விட்டிருக்கும். இது தாவர எண்ணெயில் செய்த டாப்பிங். நிறையப் பேர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், விலை குறைவு, வெயில் தாங்கும். சாப்பிட்ட பிறகு அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒரு படலம் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அதுதான். வாங்கலாம், சாப்பிடலாம், ஆனால் அதன் பெயரைச் சொல்லி விற்கட்டும்.

கடைசியாக பில். முழுப் பணமும் கட்டியாயிற்றே, பில் எதற்கு என்றேன். கேக் வெட்டும் கட்டணம், சர்வீஸ் சார்ஜ், அவர்கள் ஆள் எடுத்த இரண்டு போட்டோவுக்குத் தனிக் காசு. வெளியிலிருந்து கேக் கொண்டுபோனால் தட்டு, கத்தி, பரிமாறும் கூலி என்று ஒரு கட்டணம் வாங்குவது பல இடங்களில் உண்டு. அவர்களே செய்து, அவர்களே விற்ற கேக்குக்கு வெட்டுக் கூலி கேட்டதை நான் அங்கேதான் பார்த்தேன். அதுவும் வெட்டியது நாங்கள்.

அவள்தான் பேசினாள், நான் பக்கத்தில் நின்றேன். குரலை உயர்த்தவே இல்லை. மூன்று கிலோ என்று சொன்னது யார், கீழ் அடுக்கு டம்மி என்று எங்கே சொன்னீர்கள், இந்த டப்பாவைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா, இவ்வளவுதான் கேட்டாள். டப்பா என்றதும் மேலாளரின் பேச்சு மாறியது. அன்று வந்த கூடுதல் பில் முழுவதும் போயிற்று. கேக் பணத்தைக் கேட்டதற்கு, "எழுத்துல எதுவும் இல்லையே மேடம்" என்றார். பத்து நாள் அலைந்ததில் பாதி திரும்பி வந்தது. மீதி வராது.

ஆகவே புக் செய்யப் போகிறவர்கள் போனில் பேசி முடித்த கையோடு ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள். "கேக் மட்டும், பலகையும் டம்மியும் இல்லாமல், இத்தனை கிலோ, எல்லா அடுக்கும் கேக், சரிதானே?" அவ்வளவு போதும். சரி என்று ஒரு வார்த்தை பதில் வந்துவிட்டால் அதுவே உங்கள் சாட்சி. பதில் வராமல் திரும்பத் திரும்ப உங்களுக்கே போன் வந்தால் அந்த இடமே வேண்டாம். தங்கம், வெள்ளி, மினுமினுப்பு எது பூசுவதாக இருந்தாலும் டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அனுப்புவார்கள். மேஜை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, சாப்பாட்டு வகைகள் என்னென்ன என்பதையும் பெயர் பெயராகக் கேட்டுவிடுங்கள். வருகிறவருக்கு வேர்க்கடலை, முந்திரி, முட்டை ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். இவ்வளவு அலட்சியமாகப் பொடி தூவுகிற சமையலறையில் ஒரே கத்தியால் எத்தனை கேக் வெட்டுவார்களோ, யாருக்குத் தெரியும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். கையில் பணம் இருக்கும் வரைதான் நம் பேச்சுக்கு மரியாதை.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒரு சாதா கேக் சுட்டோம். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, நடுவில் விரிசல். மேலே ஒன்றும் பூசவில்லை. சுரண்டித் தின்ன எதுவும் இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டே மூன்று துண்டு சாப்பிட்டாள். அந்தத் தெர்மோகோல் வட்டை ஃபாண்டன்டை உரித்துக் கழுவி, தையல் மிஷின் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஊசி குத்திவைக்க.