முதல் தவணையுடன் வளைகுடாவுக்கா, இரண்டாம் தவணைக்குப் பிறகா?

ராமநாதபுரம் மாவட்டத்தின் கீழக்கரை, பெரியபட்டினம் பகுதிகளில், 2022 ஜனவரி 3 முதல் 15–18 வயதினருக்குச் செலுத்தப்பட்ட கோவாக்சின் கொரோனா தடுப்பூசியின் ஒரு தவணையை மட்டும் பெற்ற பிள்ளைகளை வளைகுடாவிலிருந்த தந்தையிடம் உடனே அழைத்துச் செல்வதா என்று 2022 தொடக்கத்தில் குடும்பங்கள் தயங்கின.

செலவு
உடனே சென்றால்: 2022 பிப்ரவரி 14 முதல் அப்போது நடப்பிலிருந்த இந்திய விதிப்படி, இரு தவணைச் சான்றிதழ் இல்லாத பிள்ளை நாடு திரும்ப, பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். கொரோனா பரிசோதனையில் தொற்றில்லை என்ற முடிவு தேவைப்பட்டது; தொற்று தெரிந்தால் குடும்பமே அங்கு தங்க நேரிட்டிருக்கும், அந்தச் செலவை எவரும் முன்கூட்டிக் கணக்கிடவில்லை.
காத்திருந்தால்: இந்தியா பட்டியலிட்ட நாடுகளிலிருந்து திரும்ப இரு தவணைச் சான்றிதழே போதுமாயிருந்தது.

காலம்
உடனே சென்றால்: தாமதமில்லை.
காத்திருந்தால்: தவணை இடைவெளி 28 நாள், அதற்குமேல் 14 நாள் கழிந்த பின்னரே பல நாடுகள் முழுத் தடுப்பூசியாக ஏற்றன. 2022 மே மாதப் பொதுத்தேர்வும் குறுக்கிட்டது.

விசா முடியவிருந்தோர், தேதி மாற்றத்தக்க பயணச்சீட்டுடன் உடனே சென்றிருக்கலாம்; விடுமுறைக்காக மட்டும் செல்லவிருந்தோர் தேர்வு முடியும்வரை பொறுப்பதே நல்லதாக இருந்தது.