டிஷ் வந்தும் காப்பர் லைனை விட முடியவில்லை

கனடாவில் பிராம்ப்டனில் இருக்கும் நண்பன் ஒருவன் பீட்டர்பரோ பக்கம் வீடு பார்த்திருக்கிறான். ஏரி பக்கத்திலேயே, சுற்றிலும் மரம், ஃபைபர் மட்டும் இல்லை. "ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் எப்படிடா இருக்கு? இப்பதான் விலை இறங்கியிருக்கே, வாங்கலாமா?" என்று கேட்டான். நான் 2021-இல் வாங்கியபோது டிஷ் 649 டாலர், மாதக் கட்டணம் 129, வரி தனி. இன்றைய விலையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, அது வேறு கதை. வேகம் எவ்வளவு, பெட்டியில் என்னென்ன வரும் என்பதையெல்லாம் அவனே தேடிப் படித்துக்கொள்வான். கவார்தா லேக்ஸ் பகுதியில் இத்தனை குளிர்காலம் இந்த டிஷ்ஷோடு குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியது வேறு.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போகக் கோபத்தில் விட்டுவிடுவேன். இங்கே முன்பு இருந்தது காப்பர் டெலிபோன் கம்பி வழியே வரும் டிஎஸ்எல் மட்டும். டவுன்லோடு 5 எம்பிபிஎஸ், அப்லோடு 0.7. பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் வேறு யாரும் ஒரு மெயில்கூட அனுப்ப முடியாது. டிஷ் வைத்ததும் அந்தக் கஷ்டம் அப்படியே மறைந்தது. செயற்கைக்கோள் என்றாலே பேசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று சிலர் பயப்படுவார்கள். அது 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய செயற்கைக்கோள்களின் பிரச்சினை. சிக்னல் போய் வரவே அரை நொடி ஆகிவிடும். ஸ்டார்லிங்க் கோள்கள் சுமார் 500 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. திருச்சியில் இருக்கும் அம்மாவோடு வீடியோவில் பேசும்போது கொஞ்சம் தாமதம் தெரிந்தால் அதற்குக் காரணம் கனடாவுக்கும் இந்தியாவுக்கும் உள்ள தூரம், டிஷ் அல்ல.

பனியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். டிஷ் தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும். இரவெல்லாம் பனி கொட்டிய காலையில் பார்த்தால் கூரை முழுக்க முழங்கால் உயரம் கிடக்கும், டிஷ்ஷின் முகத்தில் மட்டும் ஒரு பொட்டுப் பனி இருக்காது. உருகி வழிந்த நீர் கீழ் விளிம்பில் ஊசி ஊசியாக உறைந்து தொங்கும். அதற்கான மின்சாரத்தை நாம்தான் கட்ட வேண்டும். சாதாரண நாளிலேயே ஐம்பது, எழுபது வாட் இழுக்கிற சாமான் அது, பனி நாளில் இன்னும் கூடும்.

மரம்தான் பனியைவிடப் பெரிய தொல்லை. இந்த ஊரில் டிவி டிஷ் எல்லாம் தெற்கே பார்க்கும், இது வடக்கே சாய்ந்து நிற்கிறது. இந்தக் கோள்களில் பெரும்பாலானவை நிலநடுக்கோட்டுக்கு 53 பாகை சாய்ந்த பாதையில் ஓடுவதால் 53-ஆம் அட்சரேகையை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கும்; நாம் இருப்பது நாற்பத்து நாலரையில். ஆக, தெற்கே எத்தனை மேப்பிள் நின்றாலும் கவலையில்லை. வடக்கே அடுத்த வீட்டுக்காரரின் ஸ்ப்ரூஸ் மரங்கள் நிற்கின்றன. மேப்பிளாவது நவம்பரில் இலையைக் கொட்டிவிட்டு வழிவிடும். ஸ்ப்ரூஸ் பன்னிரண்டு மாதமும் பச்சை. அதனால்தான் என் டிஷ் கூரை உச்சியில் ஒரு கம்பத்தின் மேல் நிற்கிறது.

2022 மே 21 அன்று தெற்கு ஒன்டாரியோவைப் புரட்டிப்போட்ட டெரெச்சோ புயலையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் மரம் விழுந்து கம்பங்கள் சாய்ந்தன, மின்சாரம் நாள்கணக்கில் இல்லை, டிஎஸ்எல் செத்துக் கிடந்தது. ஜெனரேட்டரில் ஃப்ரிட்ஜையும் டிஷ்ஷையும் மாட்டினேன். தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டு முன்னால் நின்றுதான் சொந்தக்காரர்களுக்குத் தகவல் அனுப்பினார்கள். அந்த வாரம் யாராவது என்னிடம் கருத்துக் கேட்டிருந்தால் ஐந்துக்கு ஆறு நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டில் ஒரு நாஸ் பெட்டி இருக்கிறது, வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் சாமான். குடும்பப் படங்கள், அப்பா பாடிப் பதிந்த பழைய கேசட்டுகளிலிருந்து மாற்றிய ஒலிக்கோப்புகள் எல்லாம் அதில்தான். போதாததற்கு ஷெட் பக்கம் கேமரா, ஒரு பிரிண்டர். எல்லாவற்றுக்கும் 192.168.1 வரிசையில் நிலையான முகவரி கொடுத்து வைத்திருந்தேன். டிஷ்ஷோடு வந்த ரவுட்டரும் தன்னை 192.168.1.1 என்றது, டிஎஸ்எல் மோடமும் அப்படியே, என் ரவுட்டரும் அப்படியே. உள்ளேயும் வெளியேயும் ஒரே எண் வரிசை இருந்தால் எதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. கடைசியில் வீட்டு நெட்வொர்க் முழுவதையும் 10.20.0 வரிசைக்கு மாற்றினேன். பெட்டியில் வந்த ரவுட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, டிஷ்ஷின் கேபிளை என் ரவுட்டரின் முதல் வான் (WAN, வெளி இணைப்பு) போர்ட்டிலும் டிஎஸ்எல்லை இரண்டாவதிலும் செருகினேன். டிஷ்ஷின் நிலவரப் பக்கம் 192.168.100.1-இல் இருக்கிறது, அதைப் பார்க்க ரவுட்டரில் தனியாக ஒரு ஸ்டாட்டிக் ரூட், அதாவது நிலையான வழி, போட வேண்டும். இதெல்லாம் ஒருநாள் வேலை. இதற்காக யாரையும் திட்ட மாட்டேன். (என் வட்ட டிஷ்ஷுக்குப் பிறகு வந்த செவ்வக மாடலில் ஈதர்நெட் போர்ட்டையே எடுத்துவிட்டு அடாப்டரைத் தனியாக விற்றார்கள். அதற்குத் திட்டலாம். இப்போதைய மாடலில் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.)

திட்ட வைத்தது அடுத்தது. ரவுட்டரில் வெளி முகவரியைப் பார்த்தால் 100 என்று தொடங்கியது. 100.64-இல் ஆரம்பிக்கும் அந்த வரிசை 2012-இல் சிஜிநாட்டுக்கு என்றே ஒதுக்கியது. நமக்குச் சொந்தமாக ஒரு பொது முகவரி கிடையாது, நம்மைப் போன்ற பல வீடுகள் சேர்ந்து ஒரே முகவரியின் பின்னால் நிற்கிறோம் என்று அர்த்தம். உள்ளிருந்து வெளியே எங்கு வேண்டுமானாலும் போகலாம். வெளியிலிருந்து யாரும் நம் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் பெட்டிக்குத் திருப்பிவிட, போர்ட் ஃபார்வர்டிங் என்று ரவுட்டரில் என்ன எழுதினாலும் பயனில்லை, தடை நம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது, வட அமெரிக்காவுக்கு என்று இருந்தது 2015 செப்டம்பரில். பழைய டெலிபோன் கம்பெனிகள் மலிவாகக் கிடைத்த காலத்திலேயே அள்ளிக்கொண்டன. இப்போது சந்தைக்கு வருகிறவனுக்கு ஒவ்வொன்றும் காசு. நியாயமாகப் பார்த்தால் கோபம் வரக் கூடாது. வருகிறது.

ஏனென்றால் அந்த ஓட்டை டிஎஸ்எல் லைனுக்கு அசல் பொது முகவரி இருக்கிறது. அதற்காகவே அதை வெட்டாமல் மாதாமாதம் பணம் கட்டுகிறேன். டிஷ் என்ற அகல வீதி வீட்டு முன்னால் ஓடுகிறது, அந்தப் பக்கம் வாசல் வைக்க விடமாட்டார்கள். வாசல் இருப்பதோ டிஎஸ்எல் என்ற கொல்லைப்புறச் சந்தில்.

அந்தச் சந்தும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. வெளியிலிருந்து டிஎஸ்எல் வழியாக நாஸுக்குக் கோரிக்கை வரும், நாஸ் பதில் சொல்லும், ரவுட்டரோ அந்தப் பதிலை வேகமான பாதை என்று டிஷ் வழியாக அனுப்பிவிடும். கேட்ட முகவரி ஒன்று, பதில் வருவது இன்னொன்றிலிருந்து. எந்த ஃபோனும் அதை ஏற்காது. எந்த வழியாக வந்ததோ அதே வழியாகத் திரும்பு என்று ஒவ்வொரு இணைப்புக்கும் குறி போட்டு விதி எழுதிய பிறகுதான் படம் தெரிந்தது. தெரிந்தது என்றால்? அப்லோடு 0.7. ஐந்து எம்பி படம் ஒன்று முழுதாகத் திறக்க ஒரு நிமிடம்.

சில காலம் கழித்து டிஷ்ஷில் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வந்தது. அதில் முகவரிப் பஞ்சமே இல்லை, வீட்டுக்கு ஒரு பெரிய தொகுப்பே தருகிறார்கள். ஃபயர்வாலில் ஒரே ஒரு போர்ட்டை மட்டும் படங்களுக்காகத் திறந்தேன். (நாஸின் நிர்வாகப் பக்கத்தை மட்டும் தயவுசெய்து வெளியே திறந்துவிடாதீர்கள்.) உடனே ஒரு வேடிக்கை நடந்தது. திருச்சியில் அம்மாவின் ஜியோ ஃபோனில் படங்கள் படபடவென்று திறந்தன. ஜியோ 2016-இல் தொடங்கியபோதே ஐபிவி6-ஐ நம்பிக் கட்டிய நெட்வொர்க். டொராண்டோவில் என் அலுவலகத்தில் உட்கார்ந்து திறந்தால் ஒன்றும் வரவில்லை. அங்கே இன்னும் ஐபிவி4 மட்டும்தான். உலகத்தின் மறுபக்கம் இருக்கிற எழுபது வயது அம்மாவுக்குத் திறக்கிற என் வீடு, இரண்டு மணி நேர டிரைவ் தூரத்தில் இருக்கிற எனக்குத் திறக்காது.

நம் சாதனங்களை எங்கிருந்தாலும் ஒரே தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள்தான் எனக்கு வழி செய்தது. டொராண்டோ கம்பெனிதான், வயர்கார்ட் என்ற விபிஎன் முறையை அடிப்படையாக வைத்துச் செய்தது; சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியையும் எப்படியோ பிடித்து இணைத்துவிடுகிறது, தனியாள் பயன்பாட்டுக்குக் காசும் இல்லை. லேப்டாப்பிலும் ஃபோனிலும் போட்டுக்கொண்டேன். கேமரா, நாஸ், பிரிண்டர் எல்லாம் எங்கிருந்தும் கைக்கு வந்தன. வாங்கியதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் என்று இதைச் சொல்வேன், அதுவும் வேறொருவன் செய்த சாமான். ஆனால் அம்மாவின் டிவியில் அதைப் போட முடியாது, ஃபோனில் போட்டால் "இது என்னப்பா விபிஎன்னு கேக்குது" என்று பயந்து அணைத்துவிடுகிறார். ஆகவே அம்மாவுக்கு ஐபிவி6, எனக்கு டெயில்ஸ்கேல், இரண்டும் கைவிட்டால் சந்து.

போன வாரம் டிஷ் ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டு இரவில் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஐபிவி6 தொகுப்பு மாறிவிட்டது, மாறும் முகவரியை ஒரு பெயரோடு சேர்த்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருந்தது. காலை ஆறு மணிக்கு ஃபோன்: "ஏம்ப்பா, பாப்பா படம் ஒண்ணும் தொறக்க மாட்டேங்குதே." உதவிக்கு எழுதினால், பொது முகவரி வேண்டுமென்றால் விலை கூடிய திட்டத்துக்கு மாறலாம் என்று பதில். அதாவது கூடுதல் பணம் கட்டினால் வாசல் வைத்துக்கொள்ளலாம்!

அந்தச் சூட்டில்தான் நண்பனுக்குப் பதில் எழுதினேன்: வாங்காதே, ஃபைபர் வந்திருக்கிற தெருவில் வேறு வீடு பார். வேகம் நன்றாக இருக்கிறது, பனிக்கு அசையாது, புயலில் காப்பாற்றியது, எல்லாம் உண்மை. இருந்தும் வாங்காதே. "அப்போ நீ ஏன் இன்னும் வெச்சிருக்கே?" என்று திரும்பக் கேட்டான். எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்தால் மறுநாளே டிஷ்ஷைக் கழற்றுவேன் என்றேன். அதை எழுதிக்கொண்டிருந்ததே டிஷ் வழியாகத்தான், என் பெண் பக்கத்து அறையில் ஏதோ 4கே-யில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிஎஸ்எல்லை நிறுத்தவும் நேற்று ஃபோன் போட்டேன். போகாதீர்கள் என்று மாதம் பத்து டாலர் குறைத்தார்கள், வைத்துக்கொண்டேன். நண்பன் எப்படியும் கேட்கப் போவதில்லை, வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டானாம். வடக்குப் பக்கம் என்ன மரம் நிற்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.