அளந்து நுகர்வதா, அறவே விடுவதா?

பத்து மினா உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்றால் ஆறுதான் சரி என்று பயிற்சியாளர் முடிவு கட்டக் கூடாது என்கிறார் அரிஸ்டாட்டில். ஒரு மினா ஏறக்குறைய 430 கிராம். மல்லன் மிலோவுக்கு அந்த ஆறு போதாது. புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு மிஞ்சிவிடும். ஆளையும் நேரத்தையும் பார்த்து அளவு மாறும் என்பது அவர் கட்சி. கோபத்துக்கு இது பொருந்துகிறது. கோபத்தை அடியோடு விட யாரால் முடியும்? ஆனால் நள்ளிரவில் கைப்பேசியும் கையுமாக இருப்பவனை இது காப்பாற்றாது. ‘எனக்கு இன்னும் அரை மணி தகும்’ என்று தீர்ப்பு எழுதுபவனும் அவனேதானே!

கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ் பெயரைக் கேட்டதும் மதுவும் விருந்தும் நினைவுக்கு வருவது பெரிய அநியாயம். ஏதென்ஸில் தோட்டம் வாங்கிப் பள்ளி நடத்திய அவர், ஒரு சிறு பானை பாலாடைக்கட்டி அனுப்பும்படி நண்பருக்கு எழுதினார். வேண்டும்போது விருந்து கொண்டாடத்தான். தினமும் ரொட்டியும் தண்ணீரும் என்றால் பாலாடைக்கட்டியே விருந்து. நிறைவேறாவிட்டால் வலி தராத ஆசை தேவையற்றது என்பது அவர் கணக்கு. பசியை அடக்கினால் வலிக்கும். புது மாடல் கைப்பேசி வாங்காவிட்டால் வலிக்குமா? கடைக்குப் போகுமுன் கேட்டுக்கொள்ள இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

ரோமின் தத்துவஞானி செனெகா, பேரரசன் நீரோவின் ஆசான், பெரும் பணக்காரர். டிசம்பரில் சாட்டர்னேலியா திருவிழாவில் ஊரே கூத்தடிக்கும்போது நண்பர் லூசிலியஸுக்கு எழுதினார்: மூன்று நான்கு நாள் மட்ட ரொட்டி, முரட்டுத் துணி, கடினமான படுக்கை, பிறகு ‘இதற்கா பயந்தேன்?’ என்று கேட்டுப்பார். வசதி படைத்தவரின் விளையாட்டு என்று எரிச்சல் வரத்தான் செய்கிறது. நல்லவேளை, அவரே முந்திக்கொள்கிறார்: ஆயிரக்கணக்கான அடிமைகளும் ஏழைகளும் அன்றாடம் செய்வதைத்தான் நீ செய்கிறாய், பெருமைப்படாதே.

அவருடைய இந்த வறுமை ஒத்திகையைவிட எனக்குப் பயன்பட்டது இன்னொரு கடிதம். இளமையில் சிப்பியையும் காளானையும் விட்டவர் மீண்டும் தொடவே இல்லை. அவை உணவே அல்ல, வயிறு நிறைந்தவரையும் மேலும் உண்ணத் தூண்டுபவை என்பது அவர் காரணம். சிலவற்றை அளவோடு வைத்திருப்பதைவிட வெட்டிவிடுவது எளிது என்று ஒப்புக்கொள்கிறார். நொறுக்குத் தீனிக்கும் படுக்கையறைக் கைப்பேசிக்கும் நான் இவர் பக்கம். சோற்றை வெட்ட முடியாது, அங்கே எபிகூரஸ்தான்.