நோ டிப்ரஷனா, அமெரிக்கானாவா?

பங்க் ராக்கின் வேகமும், அமெரிக்கக் கிராமத்துப் பாட்டான பழைய கன்ட்ரியும் கலந்த ஆல்ட்-கன்ட்ரி இசைக்கு 'நோ டிப்ரஷன்' ('மந்தம் இல்லை') என்றும் ஒரு பெயர் உண்டு. அது ஒரு பாட்டின் தலைப்பிலிருந்தே பிறந்தது. பொருளாதாரப் பெருமந்தம் வாட்டிய 1936-இல், சொர்க்கத்தில் இந்த மந்தம் இருக்காது என்று கார்ட்டர் குடும்பம் என்ற கன்ட்ரி இசைக் குழு அந்தப் பாட்டைப் பாடிப் பதிவு செய்தது. இல்லினாய் மாநிலத்தின் அங்கிள் டுபெலோ குழு அதை மீண்டும் பாடி, 1990-இல் தங்கள் முதல் ஆல்பத்துக்கே அந்தப் பெயரை வைத்தது. 1995-இல் ஒரு பத்திரிகையும் அதே பெயரில் வந்தது. அப்புறம் இசைக்கே ஒட்டிக்கொண்டது.

'அமெரிக்கானா' வந்த வழி வேறு. அதே 1995-இல் கேவின் ரிப்போர்ட் என்ற வானொலித் தொழில் இதழ் தன் தரவரிசைப் பட்டியலுக்கு வைத்த பெயர் அது. ஃபோக் என்ற நாட்டுப்புறப் பாட்டு, ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு எல்லாம் அதற்குள் அடங்கும். கிராமி விருதிலும் அதுதான் நிலைத்தது. சரி, வசதியான பெயர்தான். ஆனாலும் எனக்குப் பிடித்தது முதல் பெயரே. அதைச் சொன்னாலே அந்தப் பஞ்சகாலத்துக் குரல் காதில் விழுகிறது.