கார், வீடு இன்சூரன்ஸ் புதுப்பிப்பு: மூன்று இடத்தில் கேட்டேன், ஒரு மாடிப்படி ஏறிக் கட்டினேன்

போன வருஷம் 8,786 ரூபாய் கட்டிய காருக்கு இந்த வருஷம் 14,096 என்று மெசேஜ் வந்தபோது, வேறு யாருடைய வண்டிக்கோ வர வேண்டியது நமக்கு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் டிஎன் 65 என்று தொடங்கி என் வண்டி நம்பரேதான். 2019 நவம்பரில் எடுத்த ஸ்விஃப்ட், பெட்ரோல். மண்டபத்தில் வீட்டு வாசலில் உப்புக்காற்று வாங்கிக்கொண்டு நிற்கிற வண்டி, மாதம் இரண்டு தடவை ராமநாதபுரம், எப்போதாவது மதுரை, அவ்வளவுதான் ஓட்டம். அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் வீட்டுப் பாலிசிக்கும் 3,304 கட்டச் சொல்லி இன்னொரு மெசேஜ். ஒரே வாரத்தில் இரண்டு.

இதைப் படிக்கிற நம்ம பக்கத்துக்காரர்கள் பலருக்கும் இதே மாதிரி வந்திருக்கும். நான் மூன்று இடத்தில் அலைந்து பார்த்ததை எழுதுகிறேன், எங்கே எப்படி நடத்தினார்கள், எங்கே காசு போனது என்று.

முதலில் பழைய கம்பெனி. பெயர் வேண்டாம். போன் போட்டால் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று பத்து நிமிஷம் பாட்டுக் கேட்டபின் ஒருவர் வந்து "மார்க்கெட்டே ஏறிடுச்சு சார், எல்லா கம்பெனியிலயும் இதே ரேட்தான்" என்றார். மறுநாள் கூப்பிட்டேன், அதே பதில். மூன்றாவது தடவை எடுத்த பெண்தான் கொஞ்சம் பொறுமையாகத் திரையைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க போன வருஷம் க்ளைம் எடுத்திருக்கீங்களே, நோ க்ளைம் போனஸ் போயிடுச்சு" என்றது. க்ளைம் எடுக்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் பிரீமியத்தில் கழித்துத் தருகிற தள்ளுபடிதான் அந்தப் போனஸ். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கதை இதுதான். மார்ச் மாதம் வீட்டு கேட் தூணில் நானே உரசி முன்பக்க பம்பர் விரிசல் விட்டது. ஷோரூமில் 6,200 ரூபாய் பில். "இன்சூரன்ஸ் இருக்குல்ல சார், அதுலயே போட்டுடலாம்" என்றார்கள், நானும் சரி என்று கையெழுத்துப் போட்டேன். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் தேய்மானம் என்று விலையில் பாதி கழிவு, பெயின்டில் கொஞ்சம் கழிவு, அதற்கு மேல் 1500 சிசி வரை உள்ள கார்களுக்குக் கட்டாயமாக நாம் போட வேண்டிய 1,000 ரூபாய். எல்லாம் கழிந்து கம்பெனி கொடுத்தது 3,250. அந்த 3,250-க்காக ஐந்து வருஷம் ஒரு க்ளைம்கூட எடுக்காமல் 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நின்ற போனஸ் ஒரே அடியில் பூஜ்யம். பேப்பரில் போட்டுப் பார்த்தேன். சொந்த சேதத்துக்கான, அதாவது நம்ம வண்டிக்கே ஆகிற சேதத்துக்கான பிரீமியம் 8,200, போனஸ் இருந்திருந்தால் அதில் பாதியான 4,100 கழிந்திருக்கும், ஜி.எஸ்.டி.யோடு சேர்த்தால் 4,838. மொத்தம் ஏறியது 5,310. அதாவது கம்பெனி ஏற்றியது 472 ரூபாய், மிச்சம் நானே எனக்கு ஏற்றிக்கொண்டது. இதைச் சொல்ல மூன்று போன் கால் தேவைப்பட்டது என்பதுதான் அந்தக் கம்பெனி மேல் எனக்குள்ள வருத்தம். பம்பர் உடைந்த அன்றைக்கே ஷோரூமில் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் 6,200-ஐக் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

ரசீதில் இன்னொரு வரியும் கவனித்தேன். மூன்றாம் நபர் காப்பு, நம்ம வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படுகிற பாதிப்புக்கானது. அது சட்டப்படி கட்டாயம், 1000 முதல் 1500 சிசி காருக்கு 3,416 ரூபாய், 2022 ஜூன் 1-இல் அரசு வைத்த ரேட். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அந்த வரி அசையாது. அதனால் யாராவது "எங்களிடம் தேர்ட் பார்ட்டி கம்மி" என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது சொந்த சேதப் பகுதிதான், 2007-லிருந்து அந்த ரேட்டை அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, பல கம்பெனி ரேட்டை வரிசையாகக் காட்டும் ஒரு வெப்சைட். வண்டி நம்பரைப் போட்டதும் 7,099 என்று வந்தது. பாதி விலை! அரை நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் கீழே இறங்கிப் பார்த்தால் "போன வருஷம் க்ளைம் எடுக்கவில்லை" என்று அதுவாகவே டிக் அடித்து வைத்திருக்கிறது, 50 சதவீத போனஸ் கழித்த விலை அது. டிக்கை எடுத்தேன், 10,167. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு பையன் போன் செய்து, "சார், அந்த டிக்கை அப்படியே விட்டிருங்க, பெருசா யாரும் பாக்க மாட்டாங்க" என்கிறான். பிரீமியம் கட்டும்போது யாரும் பார்க்க மாட்டார்கள்தான், நாளைக்கு நாம் க்ளைம் என்று போய் நிற்கும்போது பழைய கம்பெனியில் கேட்டுப் பார்ப்பார்கள், அப்போது பொய் சொன்னது நாம். அவன் அல்ல.

10,167-லும் இரண்டு ஓட்டை இருந்தது. பழைய கம்பெனி 3,70,000 போட்டிருந்த வண்டி மதிப்பை இவர்கள் 2,90,000 ஆக இறக்கியிருந்தார்கள், நாளைக்கு வண்டி மொத்தமாகப் போனால் அதற்கு மேல் ஒரு பைசா வராது. கூடவே ஒவ்வொரு க்ளைமிலும் முதல் 5,000 நானே போடுகிறேன் என்று நானாக ஒப்புக்கொண்ட மாதிரி ஒரு கட்டம், அதுவும் டிக்கோடு. இரண்டையும் சரி செய்து, இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் கிடைக்கும் தனிக் காப்பையும் சேர்த்ததும் 12,904. ஏழாயிரத்தில் தொடங்கிய கடை பன்னிரண்டாயிரத்தில் முடிந்தது. வெப்சைட்டைக் குறை சொல்ல மாட்டேன், எல்லாம் திரையில்தான் இருக்கிறது, ஆனால் பெரிய எழுத்தில் விலையும் பொடி எழுத்தில் மற்றதும்.

மூன்றாவதுதான் இந்த மதிப்புரைக்குக் காரணமான ஆள். ராமநாதபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் சின்ன அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவரோரம் ரப்பர் பேண்ட் போட்ட ஃபைல் அடுக்கு. பாய் என்றே எல்லோரும் கூப்பிடுகிறார்கள். ஒரு புரோக்கர் நிறுவனத்துக்குக் கீழே பதிவு செய்தவர் என்பதால் ஒரே கம்பெனிப் பாலிசியை நம் தலையில் கட்டாமல் நான்கைந்து கம்பெனி ரேட்டைக் காட்டுகிறார். போனவுடன் ரேட் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்தது. பழைய பாலிசியை வாங்கி, பேனாவால் ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டுக்கொண்டே கேள்வி கேட்டார். வண்டி எங்கே நிற்கும், மேல் கூரை உண்டா, மழைக்குத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், பைக் இருக்கிறதா.

பைக் எதற்கு என்று கேட்டேன். "ஓனருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பு பைக் பாலிசியில ஏற்கனவே கட்டிருக்கீங்க தம்பி, ஒரு ஆளுக்கு ஒண்ணு போதும், கார்ல மறுபடி எதுக்கு?" என்றார். எத்தனை வருஷமாக இரண்டிலும் கட்டினேனோ தெரியவில்லை. வருஷத்துக்கு 330, ஜி.எஸ்.டி. தனி.

தண்ணீர் விஷயத்தில்தான் ரொம்ப நேரம் பேசினார், அதற்கு எனக்கும் ஒரு காரணம் இருந்தது. 2024 நவம்பர் 20 ஞாபகம் இருக்கும், ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. தங்கச்சிமடத்தில் என் சித்தப்பா மகன் வாசலில் நின்ற காருக்குச் சக்கரத்தில் பாதி வரை தண்ணீர். மேடான இடத்துக்கு நகர்த்தி வைக்கலாம் என்று நினைத்துச் சாவியைத் திருகிவிட்டான். ஒரு தடவை உறுமியது, டக்கென்று நின்றது, அவ்வளவுதான். இன்ஜின் காற்றோடு தண்ணீரையும் இழுத்து, அதை அழுத்த முடியாமல் உள்ளே கம்பி வளைந்துவிட்டது. முழுக் காப்பு பாலிசி வைத்திருந்தான். சீட்டுக்கும் தரை விரிப்புக்கும் ஒயரிங்குக்கும் பணம் வந்தது, இன்ஜினுக்கு வரவில்லை. வெள்ளம் வந்து வண்டி நனைந்தது ஒரு சேதம், நனைந்த வண்டியை நீ ஸ்டார்ட் பண்ணியதால் வந்தது வேறு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவனிடம் அந்த இன்ஜின் காப்பு இல்லை. சில நூறு ரூபாய் சமாச்சாரம். பாயிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை, அந்த மழைக்கு அப்புறம் இப்படி வந்தவர்கள் ஒருத்தர் இரண்டு பேர் இல்லை என்றார். காப்பு இருந்தாலும் தண்ணீரில் நிற்கும்போது சாவியைத் தொடாதே, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடு என்று இரண்டு தடவை சொன்னார்.

துருவைப் பற்றியும் கேட்டுவிட்டேன். நம்ம ஊரில் கதவுக்கு அடியிலும் சைலன்சரிலும் நான்கு வருஷத்தில் துரு தின்றுவிடுகிறதே, அதற்கு ஏதாவது கிடைக்குமா என்று. சிரித்தார். துருவுக்கும், ஓடி ஓடித் தேய்வதற்கும் எந்தப் பாலிசியிலும் பணம் கிடையாது. பாம்பன் பக்கம் போய்வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவு, அதுதான் பாலிசி என்றார்.

கடைசியில் அவர் கொடுத்த ரேட் வேறொரு கம்பெனியில் 12,350. வண்டி மதிப்பு அதே 3,70,000, இன்ஜின் காப்பு உண்டு, நானாக ஒப்புக்கொண்ட கழிவு எதுவும் இல்லை. வெப்சைட்டை விட 554 கம்மி, பழைய கம்பெனியை விட 1,746 கம்மி, அதுவும் அவர்களிடம் இல்லாத இன்ஜின் காப்போடு. பம்பருக்குப் பாதி கழித்த மாதிரி தேய்மானம் கழிக்காத காப்பு கேட்டேன், ஆறு வருஷ வண்டிக்கு அந்தக் கம்பெனி தராது என்று நேராகச் சொல்லிவிட்டார். 2025 செப்டம்பரில் இன்சூரன்ஸுக்கு ஜி.எஸ்.டி. எடுத்துவிட்டார்களே, இன்னும் ஏன் 18 சதவீதம் என்று நான் கொஞ்சம் குரலை உயர்த்தியதற்கு, அது தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும்தான், காருக்கும் வீட்டுக்கும் அப்படியே இருக்கிறது என்று பதில் வந்தது. நானும் செய்தியைப் பாதி படித்துவிட்டுப் போயிருந்தேன்.

வீட்டுப் பாலிசியில்தான் பெரிய வேடிக்கை. 40 லட்சத்துக்கு எடுத்திருந்தது. வீட்டுக் கடன் வாங்கியபோது யாரோ நிரப்பிய தொகை, மனையோடு சேர்த்த விலை. பாய் அதைப் பார்த்துவிட்டு, "மனையை எந்தப் புயல் தூக்கிட்டுப் போகப் போகுது தம்பி?" என்றார். இடிந்தால் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகுமோ அதுதான் கணக்கு. என் வீடு 1,100 சதுர அடி, சதுர அடிக்கு 2,200 என்று வைத்தால் 24 லட்சத்துச் சொச்சம். 25 லட்சம் என்று போட்டோம். 3,304 இருந்தது 2,065 ஆனது. மனைக்கு நான் இத்தனை வருஷம் இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறேன்.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் தர வேண்டும் என்று வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசிதான் இது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் உள்ளே. வீட்டுச் சாமான்களுக்குத் தனியாகக் கேட்காமலே கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை சேர்ந்துவிடும், எனக்கு 5 லட்சம். மாடித் தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர்கூடக் கட்டடக் கணக்கில் வரும். ஆனால் சாதாரணத் திருட்டு வராது, புயல் மாதிரி ஏதாவது நடந்து ஏழு நாளுக்குள் திருடு போனால்தான் உண்டு. நகை தனி. உப்பில் கம்பி ஊறிக் காரை பெயர்ந்து விழுகிறதே, நம்ம தெருவில் பாதி வீட்டுக்கு உள்ள நோய், அதற்கும் ஒன்றும் இல்லை. தனுஷ்கோடி 1964-இல் போன கதையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த ஊர், வீட்டுக்குப் பாலிசி வைத்திருப்பவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. எனக்கே கடன் கொடுத்த பேங்க் கட்டாயப்படுத்தாமல் இருந்தால் எடுத்திருக்க மாட்டேன்.

குறையும் சொல்ல வேண்டும். பாய் போன் எப்போதும் பிஸி, வாட்ஸ்அப்பில் கேட்டால் மறுநாள் பதில். ஒரு வேலைக்கு ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறார், நடுவில் வருகிறவர்கள் எல்லோருக்கும் எழுந்து பதில் சொல்வதால். கமிஷன் அவருக்கும் உண்டுதான், நான் கேட்டதற்கு மறைக்கவில்லை. பாலிசி நகல் போனுக்கு அன்று மாலையே வந்தது, வண்டி எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தது, சொன்னதும் இரண்டு நாளில் திருத்தி வந்தது. வாங்கியவுடன் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். க்ளைமில் எப்படி உதவுகிறார் என்று எனக்குத் தெரியாது, அந்தச் சந்தர்ப்பம் வராமலே போகட்டும்.

போகிறவர்கள் தேதி முடிய ஒரு வாரமாவது இருக்கும்போது போங்கள். தேதி தாண்டினால் வண்டியைப் படம் பிடித்து ஆய்வு முடிந்த பிறகுதான் பாலிசி, 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த போனஸும் போய்விடும். ஆர்.சி., பழைய பாலிசி, பைக் பாலிசி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடிவிடுவார், நான் அன்றைக்குத்தான் முதல் தடவை போய் வெயிலில் நின்றேன். படி செங்குத்தாக இருக்கும், அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன், பாதியில் முட்டி வலிக்கிறது என்று கீழே ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கி வரும்போது கடைக்காரர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, அவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்பது வரை விசாரித்து முடித்திருந்தார்.